பம்பரில் கட்டிய சிவப்பு எல்

பனியில் எதிர்வரிசை வீடுகள் தெரியவில்லை. காருக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பம்பரில் ஒரு தகரத் தட்டைக் கம்பியால் முறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். தட்டு விரல்களில் ஐஸ்போல ஒட்டியது. வெள்ளைப் பரப்பில் சிவப்பாக ஒரே ஓர் எழுத்து. ஆங்கில எல். வண்டி ஓட்டுகிறவர் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறார், கொஞ்சம் விலகிப் போங்கள் என்று ஊருக்குச் சொல்லும் எல்.

"நேரா இருக்கா பாரு" என்றேன்.

கோமதி வண்டியிலிருந்து இறங்கி வந்தாள். புடவைக்கு மேல் என் பழைய ஸ்வெட்டர். காதை மூடி மஃப்ளர். குனிந்து பார்த்தாள்.

"ஒரு பக்கமா சாஞ்சிருக்கு. குடிச்சிட்டு நிக்க மாதிரி."

"தட்டுதான, கொஞ்சம் சாஞ்சா என்ன?"

"பழகுதவ நான். சாஞ்சு நின்னா எனக்குத்தான கெட்ட பேரு. ஒழுங்கா கட்டுங்க."

கட்டினேன். அவள் போய் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்து ஒரு நிமிடம் கண்ணை மூடினாள்.

"சாமி கும்பிடுதியா?"

"இல்ல. கிளட்ச் எது, பிரேக் எதுன்னு மனசுக்குள்ள ஒருதரம் பாத்துக்கிடுதேன்."

பிறகு வண்டி நகர்ந்தது. குலுங்கவில்லை. திணறி நிற்கவில்லை. ரெக்ஸின் சீட்டின் வாசனை, பெட்ரோல் வாசனை, அவள் தலையில் தேய்த்திருந்த எண்ணெய் வாசனை. பத்து வீடு தாண்டியதும் சிரித்தாள். கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. யாரையும் பார்த்துச் சிரித்த சிரிப்பு அல்ல அது. தனக்குத்தானே சிரித்துக்கொண்டது.

ஒரு வாசகியின் கேள்வி

இந்தத் தொடரில் இதுவரை அலுவலகக் கதைகளையே எழுதிவந்திருக்கிறேன். கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்தது, மேலதிகாரிகள், கோப்புகள், யூனியன் சண்டைகள். போன வாரம் ஒரு வாசகி கடிதம் எழுதியிருந்தார். "முப்பது வருடம் கூட வாழ்ந்த உங்கள் மனைவி ஏன் ஒரு வாரம்கூட வரவில்லை? காபி கொண்டுவந்து வைப்பதோடு அவர் வேலை முடிந்துவிட்டதா?"

அந்த அம்மாளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். மூன்று தடவை தொடங்கிக் கிழித்துப் போட்டேன். பதில் இந்த அத்தியாயம்தான்.

கோமதி தாவரவியலில் எம்.எஸ்ஸி. படித்தவள். அம்பாசமுத்திரத்துப் பெண். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருடம் கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தாள். அதன் பிறகு என் மாற்றல் உத்தரவுகளின் பின்னால் நாக்பூர், சென்னை, கல்கத்தா என்று வந்தாள். ஒவ்வோர் ஊரிலும் முதலில் அவள் தெரிந்துகொண்டது மனிதர்களை அல்ல, மரங்களை. சால்ட் லேக் குடியிருப்புக்கு வந்த ஒரே மாதத்தில் எந்தத் தெருவில் கடம்பு, எந்தத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஏழிலைப்பாலை என்று சொல்லிவிட்டாள். துர்கா பூஜைக்கு முன்னால் அந்த ஏழிலைப்பாலை பூக்கும். சாயங்காலம் ஏரியா முழுக்க வாசனை தலையைச் சுற்ற வைக்கும். "இதுக்கு இங்க சாதிம்னு பேரு" என்பாள், புதிதாக வந்த உறவுக்காரரை அறிமுகப்படுத்துவதுபோல.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மகன் சென்னையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். அவளுக்குக் காலை நேரம் முழுக்கக் காலி.

ஆற்றுக்கு அந்தப் பக்கம்

கல்கத்தாவில் பல பள்ளிகளில் பெண்களுக்குக் காலை வகுப்பு. ஆறே முக்காலுக்கு மணி அடிப்பார்கள், பதினோரு மணிக்கு வீடு. ஹவுரா பக்கம் அப்படி ஒரு பள்ளியில் உயிரியலுக்கு ஆசிரியை தேவைப்பட்டது. கோமதி தானே போய்த் தலைமை ஆசிரியையைப் பார்த்துவிட்டு வந்தாள். அந்த அம்மாளுக்கு இவளைப் பிடித்துப்போயிற்று. கோடை விடுமுறை முடியும்வரை இடத்தை வைத்திருப்பதாகச் சொன்னார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். "சால்ட் லேக்கிலிருந்து அந்த நேரத்துக்கு எப்படி வருவீர்கள்?"

நியாயமான கேள்வி. அந்தக் காலத்து சால்ட் லேக்கில் காலை ஐந்தரைக்குப் பஸ் கிடையாது. ஆட்டோ நிச்சயமில்லை. ஆனால் வீட்டு வாசலில் ஒரு பழைய ஃபியட் நின்றது, மாற்றலாகிப் போன அதிகாரி ஒருவரிடமிருந்து வாங்கியது. நான் ஒன்பதே காலுக்கு அலுவலக பஸ்ஸில் போய்விடுவேன். வாரத்தில் ஆறு நாள் வண்டி சும்மா நிற்கும். ஆற்றின் மேல் புதிதாகப் பெரிய பாலம் வேறு திறந்திருந்தார்கள்.

"நானே ஓட்டிட்டுப் போயிட்டு வந்திருதேன்" என்றாள், கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டே.

"ஓட்டேன்" என்றேன் நானும், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

பழகுநர் உரிமம் வாங்கினோம். ஆறு மாதம் செல்லும். பவானிபூரில் பெயர்ப்பலகை எழுதுகிற கடையில் தட்டை எழுதக் கொடுத்தேன். பெரிய பெரிய கடைப் பெயர்களாக எழுதிக்கொண்டிருந்த பெயிண்டர், "ஒரே எழுத்தா?" என்று கேட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

ஓர் எழுத்தின் வேலைகள்

எனக்கும் அந்த எழுத்துக்கும் அதற்கு முன்பே நெடுநாள் பழக்கம். நான் அரசு வேலையில் சேர்ந்தது எல்.டி.சி. ஆக, அதாவது கடைசிப் படி குமாஸ்தாவாக. ஊருக்குப் போவதென்றால் எல்.டி.சி. என்று இன்னொன்று உண்டு, விடுப்புப் பயணச் சலுகை. ஹவுரா நிலையத்தில் சென்னை வண்டியில் உறவினர்களை ஏற்றிவிட்டு நிற்கும்போது, கடைசிப் பெட்டியின் முதுகில் தொங்கும் பலகையில் அது இருக்கும். எல்.வி. இதோடு வண்டி முடிந்தது, பின்னால் எதுவும் விட்டுப்போகவில்லை என்று ரயில்காரர்களுக்கு அது சொல்கிறதாம். அது கண்ணுக்கு மறையும்வரை கோமதி பிளாட்பாரத்திலிருந்து நகர மாட்டாள்.

ரோமானியக் கணக்கில் எல் என்றால் ஐம்பது. அந்த வருடம் எனக்கு ஐம்பது நடந்தது.

அலுவலகத்தில் வருகைப் பதிவேடு என் மேஜையில்தான் இருக்கும். பத்தே கால் தாண்டி வருகிறவர் பெயருக்கு நேரே சிவப்பு மையில் எல் போடுவேன். தாமதம். மூன்று எல் சேர்ந்தால் ஒருநாள் விடுப்பு போச்சு. ஹவுராவிலிருந்து படகில் வரும் ஹராதன் பாபு என்கிற குமாஸ்தா மாதக் கடைசியில் வந்து நிற்பார்.

"சார், இது என்ன எல்?"

"லேட்."

"தப்பு சார். இது லாஞ்ச். பனியில படகு வரல. நான் படகுத்துறையில ஒன்பது மணிக்கே வந்து நின்னேன். எல் போடறதானா அந்தப் படகுக்குப் போடுங்க."

பிரிவு முழுக்கச் சிரிக்கும். நான் சிரிக்க மாட்டேன். போட்ட எல்-ஐ எடுக்கவும் மாட்டேன்.

இன்னோர் எல் இருந்தது. அதைப் பற்றி வெளியே அதிகம் பேருக்குத் தெரியாது. எங்கள் அலுவலகத்தில் ஒரு விண்ணப்பத்துக்கு 'முடியாது' என்று எழுத எல்லோரும் தயங்குவோம். எழுதினால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் எதிர்த்து மனு வரும். அதனால் கோப்பின் மூலையில் பென்சிலால் சின்னதாக ஓர் எல். 'லை ஓவர்', அதாவது கிடக்கட்டும் என்று அர்த்தம். கோப்பு அலமாரியின் கீழ்த்தட்டுக்குப் போய்விடும். யாரும் மறுக்கவில்லை, யாரும் ஒப்புக்கொள்ளவும் இல்லை. ஆறு மாதம், ஒரு வருடம் போனால் கேட்டவருக்கே தேவை தீர்ந்துபோயிருக்கும், அல்லது காலக்கெடு முடிந்திருக்கும். பிறகு வருத்தத்தோடு திருப்பி அனுப்பலாம்.

அதில் நான் கெட்டிக்காரன். மேலதிகாரிகள் என்னைப் பாராட்டியது பெரும்பாலும் அதற்காகத்தான்.

பௌதியின் கை

மூன்றே வாரத்தில் கோமதி என்னைவிட நன்றாக ஓட்டினாள். இதை எழுதுவதற்கு எனக்கு இவ்வளவு வருடம் ஆகியிருக்கிறது.

நான் உரிமம் வாங்கியது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தரகர் மூலமாக, சோதனைக்கே போகாமல். கியர் மாற்றும்போது என் கையில் வண்டி கனைக்கும். பின்னால் எடுக்கும்போது யாராவது இறங்கிக் கை காட்ட வேண்டும். கோமதிக்கு அதெல்லாம் இல்லை. வண்டி என்ன சொல்கிறது என்று காது கொடுத்துக் கேட்பாள், ஒரு செடியைத் தொட்டுப் பார்ப்பதுபோல. கடம்பு மரத்தடியில் நிறுத்தி மேலே அண்ணாந்து பார்ப்பாள். மறுபடி எடுக்கும்போது வண்டி கிளம்பியதே தெரியாது.

கீழ்வீட்டில் நீரேன்தா இருந்தார். வயதில் மூத்தவர், ஆனாலும் வங்காளி வழக்கப்படி என்னைத் தாதா, அதாவது அண்ணன் என்றும், கோமதியைப் பௌதி, அதாவது அண்ணி என்றும்தான் கூப்பிடுவார். ஊரெல்லாம் வண்டி ஓட்டி ஓய்ந்தவர். எனக்கு முதுகு பிடித்துக்கொண்ட ஒரு வாரம் அவர்தான் கோமதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனார். திரும்பி வந்ததும் வாசலிலேயே, நாலு பேர் முன்னால், கையைத் தட்டினார்.

"என்ன கை பௌதிக்கு! வெண்ணெய்! தாதா, இனிமேல் நீங்கள் பின்சீட்டுக்குப் போய்விடுங்கள். ஊருக்கு நல்லது."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் மனைவி மிட்டு ஜன்னலிலிருந்து சிரித்தாள். கோமதியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

விளையாட்டாகச் சொன்ன பேச்சு. ஆனால் அது எனக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. மறுநாள் அலுவலகத்தில் ஹராதன் பாபு வேறு, "மேடம் நம்ம பக்கம் வேலைக்கு வராங்களாமே, எங்களையும் ஏத்திட்டு வரச் சொல்லுங்க, உங்க எல்லுக்குத் தப்பிச்சுக்குவோம்" என்றார்.

கீழ்த்தட்டு

ஓட்டுநர் சோதனைக்கு விண்ணப்பிக்க வேண்டிய படிவத்தைக் கோமதி நிரப்பி, இரண்டு புகைப்படம் ஒட்டி, கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்தாள். போகிற வழியில் மோட்டார் வாகன அலுவலகத்தில் கொடுத்துவிடுவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

அதை நான் கொடுக்கவில்லை.

முதல் நாள் மறந்தேன். அது உண்மை. இரண்டாம் நாள் மழை. மூன்றாம் நாள் பெட்டியிலிருந்து எடுத்து என் மேஜையின் கீழ் இழுப்பறையில் வைத்தேன். வைத்த கை என்னுடையது. கோபமாகவோ திட்டம் போட்டோ வைக்கவில்லை. தினமும் பத்துக் கோப்பை எப்படி வைப்பேனோ அப்படித்தான் வைத்தேன். மேல் மூலையில் பென்சிலால் குறியும் போட்டேன். கை தானாகப் போட்டது.

"தேதி வந்துதா?" என்று மார்ச்சில் கேட்டாள்.

"இன்னும் வரல."

"மிட்டு பௌதியோட அண்ணன் மகனுக்குப் பதினஞ்சு நாள்ல வந்திருச்சாமே."

"அவங்களுக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கும்."

ஏப்ரலில் கேட்டாள். மே மாதம் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அலுவலகத்தில் மனுதாரர்களுக்குச் சொல்லும் அதே குரலில் பதில் சொன்னேன். அன்பான குரல்தான் அது. அவள் காலையில் இருட்டு பிரியும்போதே எழுந்து ஒரு பழைய பாடநூலை வைத்துக்கொண்டு பாடம் தயாரித்துக்கொண்டிருந்தாள். இலையின் குறுக்குவெட்டுப் படத்தைக் கலர் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தாள். நான் காபி குடித்துக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு மாதம் முடிந்தது. பழகுநர் உரிமம் காலாவதியானது. விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. தலைமை ஆசிரியை இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்து, வேறொருவரை எடுத்துக்கொண்டார்.

அவள் கேட்ட கேள்வி

ஜூலையில் ஒருநாள் அலுவலகத்திலிருந்து திரும்பினேன். தெருவில் முழங்கால் தண்ணீர். கோமதி ஈரப்புடவையோடு சாப்பாட்டு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. முன், பின் பம்பர்களிலிருந்து அவிழ்த்த இரண்டு எல் தட்டுகளும் மேஜைமேல் இருந்தன.

"மோட்டார் ஆபீசுக்குப் போயிருந்தேன்" என்றாள். "அந்தப் பையன் ரொம்ப நல்லவன். மூணு ரெஜிஸ்டர் புரட்டிப் பாத்தான். என் பேர்ல எதுவுமே வரலன்னான்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர்கள் ஆபீசில் எங்காவது தொலைந்திருக்கலாம் என்று சொல்ல நினைத்தேன் என்று ஞாபகம்.

"வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே" என்றாள்.

நான் நனைந்த குடையைச் சுவர் மூலையில் சாய்த்து வைத்தேன்.

"வேண்டாம்னு சொல்லியிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன். அழுதிருப்பேன். உங்க அண்ணனுக்குக் காயிதம் போட்டிருப்பேன். ஒண்ணுக்கும் எனக்கு வழி வைக்கலையே நீங்க."

அவ்வளவுதான். எழுந்து போய்ப் புடவை மாற்றிக்கொண்டு சோறு வடித்தாள். அன்றைக்கு வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு. உப்பு, புளி எல்லாம் சரியாக இருந்தது.

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அடுத்த நாள் கேட்கலாம் என்று விட்டேன்.

பின்சீட்டு

அதன் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை தெற்குக் கல்கத்தாவில் லேக் பக்கம் கோயிலுக்குக் கிளம்பினோம். நான் முன்கதவைத் திறந்துவிட்டேன். கோமதி பின்கதவைத் திறந்து உட்கார்ந்தாள். முன்சீட்டில் வெயில் அடிக்கிறது என்றாள். அடுத்த வாரம் மழை. அப்போதும் பின்சீட்டு. பிறகு காரணம் சொல்வதும் நின்றுபோயிற்று. பதினோரு வருடம் அவள் பின்சீட்டில்தான் உட்கார்ந்தாள்.

எங்களுக்குள் பேச்சு இருந்தது. மகனுக்கு வேலை கிடைத்தது, கல்யாணம் நடந்தது. நான் ஓய்வு பெற்றேன். சால்ட் லேக்கிலேயே ஒரு கூட்டுறவு வீடு வாங்கினோம், அவளுக்கு அந்த மரங்களை விட்டு வர மனமில்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் கிடையாது.

ஒரு கல்யாண மண்டப வாசலில் காவலாளி ஓடிவந்து பின்கதவைத் திறந்து அவளுக்குச் சலாம் வைத்தான். என்னைப் பார்த்து, "டிரைவர்ஜி, வண்டியை அந்தப் பக்கம் போடுங்கள், உங்களுக்குச் சாப்பாடு பின்வாசலில்" என்றான். கோமதி அவனைத் திருத்தவில்லை. சிரிக்கிறாளா என்று கண்ணாடியில் பார்த்தேன். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

தள்ளுங்க

ஒரு தை மாதப் பகல். தெற்குப் பக்கம் நண்பர் வீட்டுப் புதுமனை விழாவில் சாப்பிட்டுவிட்டுப் பைபாஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். திடீரென்று எதிரே வரும் லாரி இரண்டாகத் தெரிந்தது. கழுத்தெல்லாம் வேர்வை. எப்படியோ ஓரங்கட்டி நிறுத்தினேன்.

"கோமதி" என்றேன். அதற்குமேல் நாக்கு வரவில்லை.

பின்கதவு திறக்கும் சத்தம். என் பக்கத்துக் கதவு திறந்தது.

"தள்ளுங்க" என்றாள். "அந்தப் பக்கம் தள்ளுங்க. கண்ண மூடிக்கிடுங்க. ஒண்ணும் ஆகாது."

கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தால் எல்லாம் சுழன்றது. வண்டி கிளம்பியது. தோல் பதனிடும் ஷெட்டுகளின் நாற்றம் வந்து போனது. ஒரு பஸ் கண்டக்டர் தகரத்தைத் தட்டிக் கத்தியது கேட்டது. அவள் வளையல் ஸ்டியரிங்கில் லேசாக மோதும் சத்தம். ஒரு குலுக்கல் இல்லை. கனவில் படகில் போவதுபோல் இருந்தது. எந்த இடத்தில் திரும்பினாள், எப்போது ஆஸ்பத்திரி வாசல் வந்தது, எதுவும் எனக்குத் தெரியாது.

எங்கள் வாழ்க்கையில் அவள் என்னை வைத்து ஓட்டிக்கொண்டு போன அந்த ஒரே ஒரு பெரிய பயணத்தை நான் பார்க்கவில்லை. அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கு என்னிடம் யாராவது வந்து, உனக்கு ஒரு கால் மணி நேரம் திருப்பித் தருகிறேன், எதைக் கேட்கிறாய் என்றால் அதைத்தான் கேட்பேன். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தேன். கோமதி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். நான் முதலில் சொன்னது என்ன தெரியுமா?

"லைசென்ஸ் இல்லாம ஓட்டிட்டியே. போலீஸ் பிடிச்சிருந்தா?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு கைப்பையைத் திறந்து ஒரு சிறிய புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்தாள். ஓட்டுநர் உரிமம். அவள் புகைப்படம். அந்த ஜூலை கழிந்து வந்த மார்கழியில் வாங்கியது. பின்னால் ஐம்பது வயதில் புதுப்பித்த முத்திரை.

"எப்படி?"

"திரும்பவும் மொதல்லருந்து எழுதிப் போட்டேன். டிரைவிங் ஸ்கூல் வண்டியில மத்தியானம் மத்தியானம் பழகினேன். மிட்டு பௌதிதான் டெஸ்டுக்குக் கூட வந்தா. பாஸ்னு சொன்னதும் ரோட்டுலயே சந்தேஷ் வாங்கி வாயில திணிச்சா."

"எங்கிட்ட சொல்லலையே."

"உங்ககிட்ட சொன்னா அதையும் எங்கயாவது அடுக்கி வச்சிருவீங்க."

"வேலைதான் போயிருச்சே. அப்புறம் எதுக்கு?"

ஆரஞ்சுச் சுளையின் நாரை எடுத்தாள். "என்னால முடியும்னு எனக்குத் தெரியணும்லா?"

"பிறகு ஏன் ஒருநாள்கூட ஓட்டல?"

"சாவி உங்க பேண்ட் பையில இருந்துச்சு."

"கேட்டிருக்கலாமே கோமதி."

"ஒருதடவ கேட்டாச்சு" என்றாள். சுளையை என் கையில் வைத்தாள். "சாப்பிடுங்க. புளிப்பில்ல."

காலை நேரங்கள்

கோமதி போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. நான் சால்ட் லேக்கை விடவில்லை. செக்டர் ஃபைவில் கண்ணாடிக் கட்டடங்கள் வந்துவிட்டன. தெருக்களில் அந்த வெறுமை இல்லை. ஆனாலும் ஏழு மணிக்கு முன்னால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் பயிற்சி வண்டிகள் போகும். ஸ்டியரிங்கில் ஒரு பெண் இருந்தால், அதுவும் கொஞ்சம் வயதானவளாக இருந்தால், வண்டி திரும்பும்வரை பார்ப்பேன். எப்போதாவது ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரிப்பாள். பழகுகிற இடத்தில் ஒரு கிழவன் அசையாமல் உட்கார்ந்திருப்பது அவர்களுக்குத் தைரியமோ என்னவோ.

வாசகி அம்மாளே, இதோடு நிறுத்திக்கொண்டால் நான் கொஞ்சம் நல்லவனாகத் தெரிவேன். இன்னும் ஒன்று இருக்கிறது.

வண்டி விற்ற கதை

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது, இனிமேல் நீங்கள் வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம் பேப்பரில் விளம்பரம் கொடுத்தேன். வண்டி விற்பனைக்கு.

கோமதியிடம் கேட்கவில்லை. மறதி என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறதி இல்லை. அந்தச் சிறிய புத்தகத்தை என் கண்ணால் பார்த்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அவள் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து, தெருவில் நாலு பேர் பார்க்க வாழ்வதற்கு எனக்கு மனம் வரவில்லை. அறுபத்தொரு வயதில், அவள் என் உயிரைக் காப்பாற்றிக் கொண்டுவந்து சேர்த்த பிறகும் வரவில்லை.

விளம்பரம் வந்த ஞாயிற்றுக்கிழமை பவானிபூரிலிருந்து ஒரு ஹோமியோபதி டாக்டர் வந்தார். நாற்பது வயதிருக்கும். அவருடைய அப்பா இதே மாதிரி ஃபியட் வைத்திருந்தாராம். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார், தடவிப் பார்த்தார். உள்ளே வந்து உட்கார்ந்து வங்காளத்தில் கேட்டார்.

"இவ்வளவு நன்றாக வைத்திருக்கிறீர்களே, ஏன் விற்கிறீர்கள்?"

"எனக்கு உடம்பு சரியில்லை. வீட்டில் ஓட்ட வேறு ஆள் இல்லை" என்றேன்.

கோமதி அப்போதுதான் டீ கொண்டுவந்தாள். கேட்டிருப்பாள். கோப்பையை அவர் முன்னால் வைத்தாள், என் முன்னால் வைத்தாள். தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அவரைப் பார்த்து நல்ல வங்காளத்தில் பேசினாள்.

"குளிர்காலத்தில் காலையில் முதல் தடவை சாவியைத் திருப்பும்போது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீர்கள். நிறையப் பேர் அதில்தான் அதைக் கெடுத்துவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுத்திருந்தால் அதுவே எழுந்துகொள்ளும்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கள் ஓட்டுவீர்களா மாஷிமா?"

"ஓட்டுவேன்" என்றாள். டீ ஆறிவிடும், குடியுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் மேஜைமேல் இருந்த காகிதங்களை அவர் பக்கம் திருப்பி வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினேன்.